நண்டுக் கோதில் பார்சல் சுற்றலாம். கழுவிய தண்ணீர் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்டு, இறால் கோதுகளில் இருந்து உக்கும் உணவுப் பொதி செய்யலாம், அதற்கான தொழிற்சாலை ஒன்று யாழ்ப்பாணத்திலேயே அமைய வேண்டும் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பாசையூரில் பிறந்து, நண்டு பதனிடும் நிலையம் ஒன்றில் பல வருடங்கள் சதை எடுத்தவள் நான். இப்போது அக்காவோடு சேர்ந்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி அலுவலகங்களுக்குக் கொடுக்கிறேன். கோதும் என் கையால் போயிருக்கிறது, சோறு சுற்றும் லஞ்ச் சீற்றும் என் கையால் போய்க்கொண்டிருக்கிறது. எனவே இந்த விடயத்தில் கட்டுரையாளரைவிட எனக்கு வாய் கொஞ்சம் நீளலாம். அவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில், அவர் சொன்னதில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். கோது குப்பை அல்ல. அதை நிலையத்தில் வேலை செய்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள், ஏனென்றால் நாங்கள் எடுத்த சதையைவிட எறிந்த கோதுதான் எப்போதும் கூட.

நண்டு எங்கள் மேசைக்கு வரும்போது ஆவியில் அவிந்து, குளிர்ந்து, செம்மஞ்சளாக இருக்கும். கடலில் இருந்து நீலமாக வந்த நண்டா இது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தச் செம்மஞ்சள் முதலில் இருந்தே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதத்தோடு சேர்ந்திருப்பதால் நீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் பிடியை விட, நிறம் வெளியே வருகிறது. நண்டை இடது கையில் பிடித்து, பெருவிரலை வயிற்று மடலுக்குக் கீழே விட்டுத் தூக்கினால் மேல் ஓடு ஒரே இழுவையில் கழன்று வரும். செவுளைக் கிள்ளி எறிந்து, உடம்பை இரண்டாக முறித்து, நீந்துகிற காலின் அடியில் இருக்கும் பெரிய சதைத் துண்டைக் கத்தி முனையால் உடையாமல் எடுக்க வேண்டும். உடையாமல் வந்தால் அது முதல் தரம். உடைந்தால் தரம் இறங்கும், மேற்பார்வையாளரின் முகம் மாறும். சதை ஐஸுக்குப் போய், தகரத்தில் அடைபட்டு, அமெரிக்கச் சந்தை வரை போகிறது. கோது காலடியில் இருக்கும் கூடைக்குள் விழுகிறது. எங்களுக்குக் கூலி சதையின் நிறைக்கு. கோதை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

நண்டின் நிறையில் பாதிக்கு மேல் இப்படிப் போகிறது. இறாலில் தலையும் கோதும் சேர்ந்தால் 40 முதல் 50 சதவீதம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 60 முதல் 80 இலட்சம் தொன் நண்டு, இறால் கோது கழிவாகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் பங்கில் கொஞ்சம் தென்னைக்கும் வாழைக்கும் அடியில் புதைகிறது, கொஞ்சம் கோழித் தீனிக்குப் போகிறது, மிச்சம் குப்பையோடு குப்பையாக ஏறுகிறது. கடனீரேரிக் கரையில் இரவோடு இரவாகக் கொட்டுகிறவர்களும் உண்டு. யார் என்று எழுதினால் நீங்கள் பிரசுரிக்கமாட்டீர்கள்.

அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். எனக்கு இந்த விடயத்தில் தெரிந்த பாதி அவள் சொல்லித் தெரிந்தது. காய்ந்த கோதில் பெரும்பாலும் மூன்று பொருள்கள்தான்: 100 பங்கில் 20 முதல் 50 வரை சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, 20 முதல் 40 வரை புரதம், 15 முதல் 40 வரை கைற்றின். மரத்தில் செல்லுலோசு செய்கிற வேலையை நண்டிலும் இறாலிலும் பூச்சியிலும் கைற்றின் செய்கிறது. ஊசிக்கணவாயை வெட்டும்போது நடுவில் கண்ணாடி போல உருவி எடுக்கிறோமே ஓர் ஈர்க்கு, அதிலும் இருப்பது இதுதான். பொதி செய்ய வேண்டியது இந்தக் கைற்றினில் இருந்து. அதற்காக மற்ற இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றுவதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டு உதாரணங்களைக் கட்டுரையாளர் அள்ளிக் கொட்டியிருந்தார். அவற்றில் பொய் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வைஸ் நிறுவனத்தில் இறால் கோதின் பொருளையும் பட்டுப் புரதத்தையும் சேர்த்து 2011இல் பிளாஸ்ரிக்கிற்கு மாற்றுப் பொருள் செய்தார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவி லூசி ஹியூஸ் மீன் தோலையும் செதிலையும் செம்பாசியோடு சேர்த்துத் தாள் செய்து 2019இல் ஜேம்ஸ் டைசன் விருது வாங்கினார். அமெரிக்கப் படையினர் ஈராக் போருக்குக் கொண்டுபோன இரத்தம் நிறுத்தும் பட்டிகள்கூட இறால் கோதில் இருந்து வந்தவை. இதைப் பெறாமகள் சொன்னபோது நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். கோது கீறாத விரல் எங்களில் ஒருத்திக்கும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் கொச்சியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அங்குள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் கைற்றினையும், அதைக் காரத்தில் சூடாக்கி மாற்றி எடுக்கும் கைற்றோசானையும் செய்யும் முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து கேரளத்துத் தொழில்முனைவோருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. எங்களைப் போலவே இறால் உரிக்கும் பெண்கள் இருக்கும் கரை அது. லண்டனைப் பார்ப்பதற்கு முன் அங்கே ஒருவரை அனுப்பிப் பார்க்கலாம்.

இனிச் சமையற்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையில் ‘லஞ்ச் சீற்றுக்கு முழுமையான மாற்று’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் சோற்றுப் பார்சல் கட்டியவராக இருக்க முடியாது.

பெறாமகள் ஆய்வுகூடத்தில் கைற்றோசானில் செய்த தாளில் ஒரு துண்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளங்கை அளவு. இளமஞ்சள் நிறம், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது, கசக்கினால் சரசரத்தது. (அதற்கான கைற்றோசான் போத்தலில் அடைத்து இந்தியாவில் இருந்து வந்தது. எங்கள் கோது குப்பைக்குப் போக, அடுத்த நாட்டுக் கோதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.) வீட்டில் அன்று உளுந்து வடையும் பாரை மீன் குழம்பும் இருந்தன. துண்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். ஒன்றில் சட்டியில் இருந்து எடுத்த வடையை வைத்தேன். எண்ணெய் மேலேயே நின்றது, கீழே வைத்த கடதாசியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மற்றதில் குழம்பு ஒரு கரண்டி விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் தடித்துச் சுருண்டது, தொட்டால் வழுக்கியது, தூக்கினால் நடுவில் பிய்ந்தது. “பழப்புளி விட்டிருக்கிறீர்கள் அல்லவா, சின்னம்மா?” என்றாள். கைற்றோசானைக் கரைக்கவே மெல்லிய அமிலத்தைத்தான் பாவிக்கிறார்களாம். அமிலத்தில் கரைத்துக் காயவைத்த தாள், பதப்படுத்தாமல் விட்டால், புளியைக் கண்டதும் திரும்பவும் இளகுகிறது.

யாழ்ப்பாணத்தில் புளி விடாத மீன் குழம்பு எங்கே இருக்கிறது? சொதிக்குக்கூடக் கடைசியில் தேசிக்காய் பிழிகிறோம். புளியையும் ஈரத்தையும் தாங்கும்படி இந்தத் தாளுக்கு வேறு பொருள்கள் சேர்க்கலாம், வேறு தாளோடு அடுக்காக ஒட்டலாம். ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் நண்டுக் கோதின் கைற்றினையும் மரத்தின் செல்லுலோசையும் மாறி மாறி விசிறி அப்படி ஓர் அடுக்குத் தாள் செய்தார்கள். அது காற்றில் உள்ள ஒட்சிசனை நன்றாகத் தடுத்தது. ஒட்சிசனைத் தடுப்பது பெரிய விடயம்தான். ஆனால் என் பார்சல் பதினொன்றரைக்குக் கட்டி ஒரு மணிக்குச் சாப்பிடுவது. எனக்கு வேண்டியது ஒட்சிசனைத் தடுப்பது அல்ல, குழம்பைத் தடுப்பது.

ஆகவே இதை லஞ்ச் சீற்றாகத் தொடங்காதீர்கள் என்கிறேன். கடதாசியின் மேல் மெல்லிய பூச்சாகத் தொடங்குங்கள். வடை, ரோல்ஸ், கட்லட், பணிஸ் விற்கும் கடைகள் எத்தனை இருக்கின்றன! அவற்றுக்கு எண்ணெய் ஊறாத கடதாசி வேண்டும். இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது, மன்னிக்க வேண்டும், உங்கள் பத்திரிகைதான். என்னுடைய பார்சலுக்கு வெளிச்சுற்றும் அதுதான். ஆசிரியர் தலையங்கத்தின் மை சூடான வடையில் பதிந்து நான் பார்த்திருக்கிறேன். அச்சு மை வயிற்றுக்கு நல்லதல்ல என்று உங்கள் மருத்துவப் பகுதியிலேயே ஒருவர் எழுதியிருந்தார், அதையும் வடை சுற்றி வந்த தாளில்தான் வாசித்தேன்.

இன்னொன்று மாம்பழம். கைற்றோசான் கரைசலில் தோய்த்துக் காயவிட்ட பழம் மெதுவாகப் பழுக்கிறது, பூஞ்சணமும் குறைவாகப் பிடிக்கிறது என்பது பல நாடுகளில் பல பழங்களில் பார்த்து உறுதியான விடயம். கறுத்தக்கொழும்பான் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது பெட்டியின் அடியில் இருப்பவை என்ன நிலையில் இருக்கும் என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். பூச்சுக்குத் தாளைவிடப் பொருளும் மிகக் கொஞ்சம்தான் வேண்டும். கைற்றோசான் பொலித்தீனின் மூலப்பொருளைவிடப் பல மடங்கு விலை. கொஞ்சமாகப் பாவிக்கிற வேலையில் தொடங்குவதுதான் புத்தி.

‘வாழை இலை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு’ என்று ஒரு வாசகர் நிச்சயம் எழுதுவார். எழுதட்டும். பனையோலைத் தட்டுவத்தில் சோறும், பிளாவில் ஒடியல் கூழும், குட்டானில் பனங்கட்டியும், உமலில் மீனும் வந்த ஊர் இது. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் பார்சல் கொடுக்கிறவளுக்கு ஒரே அளவில், கிழியாத, வாட்டிய வாழை இலை காற்றடிக்கும் சோளகக் காலத்தில் எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் அந்த வாசகர் சேர்த்து எழுத வேண்டும். ஓலைக்குப் பின்னுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2017 செப்டெம்பர் முதலாம் திகதியில் இருந்து பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் தடை. 2023 ஒக்டோபர் முதலாம் திகதியில் இருந்து ஒரு தடவை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு வரை தடை. தடைக்குப் பிறகு ‘உக்கும்’ என்று அச்சடித்த சீற் சந்தைக்கு வந்தது. நானும் அதைத்தான் வாங்கிப் பாவித்தேன். மிஞ்சியதை வளவில் தேங்காய்ப் பொச்சோடும் மரக்கறிக் கழிவோடும் ஒரு கிடங்கில் போட்டு மூடினேன். மாரி முடிந்து கிளறியபோது மரக்கறியும் இல்லை, நண்டுக் கோதும் பாதி இல்லை, அந்தச் சீற்றில் ‘உக்கும்’ என்ற எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. விற்றவரிடம் கேட்டேன். உரிய வெப்பநிலை வேண்டுமாம். என் வளவு அவருடைய வெப்பநிலைக்கு வரவில்லை. எனவே நாளைக்குக் கோதுத் தாள் வந்தால், எத்தனை நாளில், எந்த மண்ணில், என்ன கலந்த தாள் உக்கியது என்று எழுதி ஒட்டித்தான் விற்க வேண்டும். கோதில் வேறு பிளாஸ்ரிக்கைக் கலந்துவிட்டுக் கோதின் பெயரைச் சொல்லி விற்கும் சாமர்த்தியம் எங்கள் ஆட்களுக்கு இல்லாமல் இல்லை.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். இடம் போதாவிட்டால் மேலே உள்ளதை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

கோதில் இருந்து கைற்றின் எடுக்கும் வழக்கமான முறை இது. ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கோதை ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கிறார்கள். கழுவுகிறார்கள். எரிசோடா என்ற கடும் காரத்தின் கரைசலில் சூடாக்கிப் புரதத்தைக் கழற்றுகிறார்கள். கழுவுகிறார்கள். பிறகு 40, 50 சதவீதச் செறிவுள்ள எரிசோடாவில் மறுபடியும் கொதிநிலைச் சூட்டில் வைத்துக் கைற்றோசானாக மாற்றுகிறார்கள். காரம் போகும்வரை கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். இறால் கோதில் இருந்து ஒரு கிலோ கைற்றோசான் எடுக்க ஒரு தொன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு தொன் என்பது 1000 லீற்றர், கூரையில் வைக்கும் பெரிய தாங்கி ஒன்று. ஒரு கிலோவுக்கு ஒரு தாங்கி. கட்டுரையில் முதலீட்டைப் பற்றி இருந்தது, ஏற்றுமதியைப் பற்றி இருந்தது, அந்தத் தாங்கியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வரும், அமிலமும் காரமும் புரதமும் கலந்த பிறகு எங்கே போகும்?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எங்களுக்கு உள்ளது மழை, அந்த மழை இறங்கித் தங்கும் சுண்ணாம்புப் பாறை, அதைத் தோண்டிய கிணறு. பாசையூரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும். வாயில் வைத்தால் உவர். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள். கடலில் இருந்து உப்பைப் பிரித்து, குழாயில் ஏற்றி, அவ்வளவு செலவில் வருகிற தண்ணீரில் கோது கழுவப் போகிறோமா?

பெறாமகள் கோதின் சுண்ணாம்பு எப்படிக் கரைகிறது என்று எனக்குக் காட்ட, ஒரு கண்ணாடிக் குவளையில் வினாகிரி ஊற்றி நண்டின் மேல் ஓடு ஒன்றைப் போட்டாள். ஓடு முழுவதும் சின்னச் சின்னக் குமிழிகள் முளைத்து ஏறின. அது காபனீரொட்சைட்டு என்றாள். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் ஓடு ஓடாக இல்லை. வளைத்தால் வளைந்தது, முறியவில்லை. எனக்கு ஒரு யோசனை. கிணறு ஆழமாக்கியபோது வந்த வெள்ளைக் கற்கள் இன்னும் தொட்டியடியில் கிடக்கின்றன. ஒன்றை உடைத்து, உடைந்த பக்கத்தில் போத்தலில் இருந்து கொஞ்சம் ஊற்றினேன். அதே குமிழிகள். அவள் சிரிக்கவில்லை. “அதே பொருள்தான், சின்னம்மா” என்றாள். கோதில் இருப்பதும் கல்சியம் காபனேற்று, எங்கள் காலடியில் இருக்கும் பாறையும் கல்சியம் காபனேற்று. கோதைத் தின்கிற அமிலத்துக்குப் பாறையை விட்டுவிடச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அந்தப் பாறை ஓட்டையும் வெடிப்புமாக இருக்கிறது. நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு, நிலத்துக்குக் கீழே எங்கெங்கோ தொடர்பு. ஓர் இடத்தில் ஊற்றியது இன்னோர் இடத்தில் வாளியில் வரும். இது கற்பனை என்பவர்கள் சுன்னாகத்துக்குப் போய்க் கேட்கட்டும். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்த கதை அது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததால் கிணறு பழையபடி ஆகிவிடவில்லை. எண்ணெயாவது மேலே மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. உப்பும் காரமும் மிதக்காது.

அமிலத்தையும் காரத்தையும் ஒன்றோடொன்று கலந்தால் சமநிலைப்பட்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும் என்று ஒரு நண்பர் எனக்குப் பதில் சொன்னார். சரி. கிணறுகள் உவராகின்றன என்று தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு இன்னும் உப்புத் தண்ணீர் தரும் திட்டம்! கடனீரேரிக்குள் விடலாம் என்றார் அவர். அதற்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. அங்கே களங்கட்டி வலை போடுகிறவர்களிடம் போய் இதைச் சொல்லிவிட்டு முழு உடம்போடு திரும்பி வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு மாதிரி வரட்டும் என்கிறேன். மோரைப் புளிக்கவைக்கிற வகை நுண்ணுயிர்களே இந்த வேலையின் முதல் பாதியைச் செய்யும். அரைத்த கோதோடு சீனிச் சத்துள்ள ஏதாவது சேர்த்து மூடி வைத்தால் அவை லக்ரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது, கோதில் உள்ள நொதியங்களும் நுண்ணுயிர்களும் புரதத்தைக் கழற்றுகின்றன. வடிகிற நீரில் புரதம் இருப்பதால் அது கால்நடைத் தீனிக்கு உதவும். நாட்கணக்கில் ஆகும், கொஞ்சம் சுண்ணாம்பும் புரதமும் மிஞ்சும், கடைசியில் மெல்லிய கழுவல் ஒன்று வேண்டியிருக்கும். அமிலத் தொட்டிபோல ஒரே நாளில் முடியாது என்று முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். புளிக்கவைப்பதற்கும் காயவைப்பதற்கும் பொறுமை உள்ள ஆட்கள் இந்தக் கரையில் நிறைய இருக்கிறார்கள். கருவாடு போடுகிறவர்களைக் கேளுங்கள்.

கைற்றோசானாக்கும் கடைசிப் படிக்குக் கடும் எரிசோடா இல்லாமல் இன்று மலிவான வழி இல்லை. அந்தப் படியைக் குடாநாட்டுக்குள் செய்யவே வேண்டாம். காய்ந்த கைற்றின் பாரமில்லாதது, மணக்காது, மாதக்கணக்கில் இருக்கும். மூடையில் கட்டி லொறியில் ஏற்றி, கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி உள்ள கைத்தொழில் பேட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்பலாம். வேலைவாய்ப்பு வெளியே போய்விடும் என்று கூச்சல் வரும். தொட்டியைக் கிளறுவதற்கு எத்தனை பேர் வேண்டும்? சேர்க்க, கழுவ, அரைக்க, காயவைக்கத்தான் கைகள் வேண்டும், அவை எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

சேர்ப்பதைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் இல்லை. காலையில் வரும் கோது மதியத்துக்குள் வேறு சாமானாகிவிடும். வெயிலில் அரை நாள் விட்டால் அதைத் தொழிற்சாலைக்கு அல்ல, தெருமுனைக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, ஊர்காவற்றுறை என்று ஒவ்வொரு கரையிலும் அன்றன்றைக்கே கழுவிக் காயவைக்க ஓர் இடம் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கட்டடங்கள் இருக்கின்றன, பலவற்றில் கதிரைகள்தான் குடியிருக்கின்றன. வரத்தும் ஒரே சீராக இருக்காது. காற்று மாறினால் நண்டு குறையும், இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன வாரங்களில் நண்டும் இல்லை, கோதும் இல்லை. கோதுக்கு விலை வந்துவிட்டது என்பதற்காகச் சினை நண்டையும் குஞ்சு நண்டையும் சேர்த்து அள்ளுகிற நிலை வந்தால் இரண்டும் இல்லாமல் போகும்.

கோதுக்கு விலை வந்தால் அதில் உரிக்கிறவளுக்கு ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். வீட்டில் இறால் உரித்துக் கொடுக்கும் பெண்களிடம் கோதைச் சும்மா அள்ளிக்கொண்டு போக இப்போதே ஆட்கள் வருவார்கள், ‘குப்பையை அகற்றித் தருகிறோம் அக்கா’ என்று. கட்டுரையை அவர்களும் வாசித்திருப்பார்கள்.

கடைசியாகச் சைவக்காரரைப் பற்றி. நான் கத்தோலிக்கப் பெண், ஆனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை சைவம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சைவம். அந்த நாட்களில் சட்டியைக்கூட வேறாக வைத்துச் சமைக்கிறேன். அவர்களுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியை நண்டுக் கோதில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு அது தெரியவந்தால் என் கதி என்ன? எனவே தாளில் ‘நண்டு, இறால் கோதில் செய்தது’ என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், மாம்பழப் பூச்சானாலும் பெட்டியில் எழுத வேண்டும். கிரந்தி என்று நண்டையும் இறாலையும் விலக்குகிறவர்களுக்கும், ஒவ்வாமையால் உடம்பு தடித்து மூச்சு முட்டுகிறவர்களுக்கும் அது தேவை. ஒவ்வாமையை உண்டாக்குவது கைற்றின் அல்ல, அதோடு வரும் புரதம். அது முழுவதும் நீங்கியதா என்று பரிசோதித்த தாள்தான் உணவில் பட வேண்டும். சைவக் கடைகளுக்கு வேறு வழியும் இல்லாமல் இல்லை. கைற்றினை முதன்முதலில், 1811இல், பிரெஞ்சு விஞ்ஞானி பிரக்கோனோ கண்டெடுத்தது காளானில்தான். காளானில் இருந்து கைற்றோசான் இப்போதும் செய்கிறார்கள்.

கட்டுரையாளரிடம் நீங்கள் கேட்டுப் பிரசுரிக்க வேண்டியவை இவைதான்: தொழிற்சாலைக்கு எந்தக் காணியைப் பார்த்திருக்கிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு, மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் விண்ணப்பித்தாகிவிட்டதா. பதில் வந்தால் முதற்பக்கத்தில் போட வேண்டாம், வழக்கமான பக்கத்தில் போட்டால் போதும். வடை சுற்றி வரும்போதாவது வாசித்துவிடுவேன்.

அவர் மாதிரிக்குக் கோது வேண்டுமென்றால் தருகிறேன். காலை பத்து மணிக்கு முன்னர் வரச் சொல்லுங்கள், மூடியுள்ள வாளி ஒன்றும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பார்சல்கார அக்கா,
பாசையூர், யாழ்ப்பாணம்.